வியாழக்கிழமை எட்டு மணி

அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விட்டுருங்க சார், சாரல் மேல அடிக்குது. நல்லா அமுக்கி இழுக்கணும். இந்த வண்டியில எல்லாமே இப்படித்தான். ஆலங்குளம் போய்ச் சேர இன்னும் நேரம் ஆவும். ரோடு போடுதேன்னு தோண்டிப் போட்டுட்டானுவ, மழை பெஞ்சுட்டா வண்டி ஊர்ந்துதான் போவும்.

தப்பா நினைக்காதீங்க, உங்க பையைப் பார்த்தேன். மெடிக்கல் ரெப்பா? நினைச்சேன். அப்போ டாக்டர்மாரோட பழக்கம் இருக்கும்லா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கேன். டாக்டருக்குப் படிக்கணும்னா என்ன சார் வேணும்? மார்க்கு வேணும். நீட்டு எழுதணும். வேற? அவ்வளவுதானே. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அமெரிக்காவுல அது பத்தாதாம். சேவை செஞ்சிருக்கணுமாம். அதுவும் சும்மா சேவை இல்ல, அர்த்தமுள்ள சேவையா இருக்கணுமாம். சேவையில அர்த்தமுள்ளது, அர்த்தமில்லாததுன்னு ரெண்டு உண்டா சார்? நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?

என் தங்கச்சி செண்பகம் டெக்ஸாஸ்ல இருக்கா. அவளுக்கு ஒரே மக, சிவகாமி. எங்க அம்மை பேரு. அங்க உள்ளவனுக்கு வாயில நுழையாம சிவி சிவின்னு கூப்பிடுதான். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது சார். மருமகளுன்னாலும் மகளுன்னாலும் எனக்கு அவ ஒருத்திதான். என் மடியில உக்கார வச்சுத்தான் அவளுக்குக் காது குத்துனது. அன்னைக்கி அவ என் தொடையில கிள்ளுன கிள்ளு இன்னும் மறக்கல. அப்படிப்பட்ட பிள்ளை இன்னைக்கி எங்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கா. எதுக்குன்னு கேளுங்க. சேவை செய்ய நான் உதவி செஞ்சதுக்கு!

சிரிக்காதீங்க சார். வயிறு எரிஞ்சு போய்ச் சொல்லுதேன்.

போன சித்திரையில செண்பகம் போன் போட்டா. அண்ணே, சிவகாமிக்கு லீவு வருது, ஊருக்கு அனுப்புதேன், டாக்டர் படிப்புக்கு எழுதிப் போடுறதுக்கு நல்லதா ஒரு சேவை பார்த்துக் கொடுன்னா. நான் சொன்னேன், ஏட்டி, ஆள் தெரிஞ்சுதான் கேட்டிருக்க, அனுப்பு, நான் பார்த்துக்கிடுதேன்னு. ஏன்னா எங்க ஊர் நலச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். கண்ணு பார்க்குற முகாம், ரத்த தானம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நோட்டு, எது நடந்தாலும் குற்றாலிங்கம் இல்லாம நடக்காது. ஊருக்குள்ள வந்து கேட்டுப் பாருங்க. பஸ்ஸ்டாண்டுல இருந்து கோயில் வரைக்கும் ஏதாவது ஒரு பேனர்ல நான் கும்பிட்டுக்கிட்டுத்தான் நிப்பேன்.

பிழைப்பு என்னன்னு கேட்டா பீடிக்கடை. கடைன்னா விக்கிற கடை இல்ல. கம்பெனிக்காரன் பீடி இலையும் புகையிலைத் தூளும் அனுப்புவான். நாம அதைப் பொம்பளையாளுகளுக்கு நிறுத்துக் கொடுப்போம். அவங்க வீட்டுல இருந்து பீடி சுத்தி, கட்டுக் கட்டிக் கொண்டாருவாங்க. சரிபார்த்து வாங்கி லாரியில ஏத்தி விடுவோம். எங்க அய்யா நடத்துன கடை. காலையில எட்டு மணிக்குத் திறந்தா பத்து மணிக்குள்ள பீடி வந்துரணும். பத்து ஆச்சுன்னா வாங்க மாட்டோம். பீடி கொடுக்கலன்னா அன்னைக்கி இலை கிடையாது. இலை இல்லன்னா மறுநாள் வேலை கிடையாது. இன்னொண்ணு, இலைக்கணக்கு எழுதுற அட்டை யார் பேருல இருக்கோ அவதான் நேர்ல வரணும். அடுத்தவ கையில கொடுத்தனுப்புனா ஏத்துக்கிட மாட்டேன். இதெல்லாம் கண்டிப்பா இருந்தாத்தான் சார் தொழில் நிக்கும்.

சரி, பிள்ளை வந்து இறங்குனா. வந்த வாரமே நான் முகாம் போட்டுட்டேன். இலவச சர்க்கரை நோய் பரிசோதனை. ஆளுயரத்துக்கு அவ படத்தைப் போட்டுப் பேனர். 'வருங்கால அமெரிக்க டாக்டர் சிவகாமி'. இந்தப் பேனர்க்காரன் என்ன பண்ணிட்டான், 'வருங்கால'ங்கிறதைச் சின்னதா மேல ஒரு ஓரமா அடிச்சுட்டான். அது மேல தோரணத்தைக் கட்டிப்புட்டானுவ. வந்த சனமெல்லாம் நேரா இவகிட்டப் போய் நாக்கை நீட்டிக்கிட்டு நிக்கு! ஒரு பெரிய மனுசன் சட்டையைக் கழத்திட்டு முதுகைக் காட்டுதாரு. இந்தப் பிள்ளை முகம் செவந்து போச்சு. மாமா, நான் டாக்டர் இல்ல, அந்தப் பேனரை இறக்குங்கன்னு ஒரே பிடி. நான் சொன்னேன், ஆகத்தானம்மா போற, கொஞ்சம் முந்தி ஆனா என்னன்னு. கேக்கலையே. அவளே ஏணி போட்டு ஏறி அவுத்துட்டா. அத்தனை பேர் பார்க்க.

அன்னைக்கித்தான் இசக்கியம்மா வந்தா. எங்க கடையில ரொம்ப வருசமா பீடி சுத்துதா. புருசன் இல்ல, மகளைக் கட்டிக் கொடுத்தாச்சு, தனியாத்தான் இருக்கா. வாய் பேசாது. ஊசி குத்திப் பார்த்தா சர்க்கரை எங்கயோ நிக்கு. நாங்க கூட்டிட்டு வந்த டாக்டரே ஒரு தடவை கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பார்த்தாரு. கால்ல வேற ஏதோ கல்லு குத்துன புண்ணு. சீட்டுல எழுதிக் கொடுத்து, அரசாங்க ஆஸ்பத்திரியில போய்க் காட்டு ஆத்தான்னு சொல்லி விட்டாரு. நாங்களும் சும்மா விடல சார். ரொட்டிப் பாக்கெட் கொடுத்தோம். நான், செயலாளர், பொருளாளர், டாக்டர், எல்லாரும் பாக்கெட்டுல ஒரு கை வச்சு, இசக்கி மறுபக்கம் பிடிச்சுக்கிட்டு, நம்ம போட்டோக்காரன் டேவிட் படம் எடுத்தான். சிவகாமி, நீயும் வந்து ஒரு கை வைம்மாங்கேன். வரமாட்டேங்கா. சர்க்கரை உள்ளவளுக்கு எதுக்கு மாமா இனிப்பு ரொட்டிங்கா. அடேயப்பா! எல்லா முகாம்லயும் அதைத்தானே கொடுக்கோம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேக்கா, மாமா, இன்னைக்கி வந்தவங்களை நாளைக்கு யார் பார்ப்பாங்க?

நாளைக்கா? நாளைக்கு நாம மரம் நடுதோம்மான்னேன்.

அதுல என்ன சார் தப்பு? மறுநாள் மரம் நடுற விழா. தாசில்தாருக்கெல்லாம் சொல்லியாச்சு. அதுக்கு அடுத்தாப்புல நோட்டுப் புத்தகம். எல்லாம் அவளுக்காகத்தான் வரிசையா வச்சிருந்தேன். எத்தனை வகை சேவை செஞ்சிருக்கான்னு எழுதிப் போட்டா அமெரிக்காக்காரன் மலைச்சுப் போவான்லா. அவ என்ன சொல்லுதா தெரியுமா? எனக்கு ஒரே ஒரு வேலை போதும் மாமா, கடைசி வரைக்கும் பார்க்கிற மாதிரி ஒண்ணுங்கா. மரம் நடவும் வரல. நோட்டுக் கொடுக்கவும் வரல. பெரிய பெரிய ஆளுகளுக்கு முன்னால நான் அசடு வழிஞ்சுக்கிட்டு, பிள்ளைக்கு மேலுக்குச் சரியில்லன்னு பொய் சொன்னேன்.

அந்த நேரத்துல அவ எங்க போயிருக்கா? சர்க்கரைன்னு சொன்ன பொம்பளையாளுக வீட்டுக்கெல்லாம் ஒவ்வொண்ணாப் போயிருக்கா. செருப்பைக் கழத்திப் போட்டுட்டு அவங்களோட தரையில உக்காந்து, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா, ஏன் போகலன்னு கேட்டுக்கிட்டு. எல்லாவளும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கா. சர்க்கரைக்கு வியாழக்கிழமை காலையிலதான் பார்ப்பாங்க. வெறும் வயித்துல ஒரு தடவை ரத்தம் எடுக்கணும், சாப்பிட்ட பிறகு இன்னொரு தடவை எடுக்கணும். போனா காலைப்பொழுது போயிரும். பீடி கொடுக்கணுமே தாயீ, நாங்க எப்படிப் போறதுன்னு.

ராத்திரி சாப்பிடும்போது தோசையைப் பிச்சுக்கிட்டே மெதுவாக் கேக்கா. மாமா, வியாழக்கிழமை மட்டும் கடையைப் பத்து மணிக்கு மேல திறந்தா என்ன?

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. என் பெண்டாட்டி சிரிக்கல, அவ எப்பவுமே இந்தப் பிள்ளை பக்கம்தான். நான் சொன்னேன், அம்மா, நீ சேவை செய்ய வந்திருக்கியா, கடைக்கு மணி அடிக்க வந்திருக்கியா? இது எதுலம்மா சேர்த்தி? கடையை லேட்டாத் திறந்தேன்னு எழுதிப் போட்டா உனக்கு எவன் சீட்டுக் கொடுப்பான்? இதைப் போட்டோ புடிக்க முடியுமா? பேனர் அடிக்க முடியுமா? அப்படின்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே சார்?

அவ விடல. லாரி எத்தனை மணிக்கு மாமா வரும்னு கேட்டா. லாரி ரெண்டு மணிக்குத்தான் வரும். அது வேற விசயம். லாரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எட்டு மணின்னா எட்டு மணி. இன்னைக்கி மணியை மாத்துன்னு கேப்பாங்க. சரின்னா நாளைக்குக் கூலியை மாத்துன்னு கேப்பாங்க. எடம் கொடுத்தா அப்புறம் நான் முதலாளியா அவங்க முதலாளியான்னு ஆயிரும். அந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்க தெரியுது? அமெரிக்காவுல வளந்தது.

அதுக்கப்புறம் நடந்ததுதான் சார் என்னால தாங்க முடியாதது.

அடுத்த வியாழக்கிழமை. நான் வீட்டுல காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கேன். கணக்குப்பிள்ளை சங்கரபாண்டி போன் போடுதான். முதலாளி, உடனே கடைக்கு வாங்க, நம்ம வீட்டுப் பாப்பா பீடி கொடுக்குற வரிசையில நிக்குங்கான். எனக்கு ஒண்ணும் விளங்கல. சட்டையை மாட்டிக்கிட்டு ஓடுதேன். போய்ப் பார்த்தா நிக்கா! இசக்கியோட பீடித்தட்டை இடுப்புல வச்சுக்கிட்டு, அட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டு, பொம்பளையாளுகளுக்கு நடுவுல என் மருமக நிக்கா. முன்னால உள்ளவ, நீங்க முதல்ல போங்கம்மாங்கா. இவ, இல்ல, வரிசையிலயே வாரேங்கா. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு சார். முதலாளி வீட்டுப் பிள்ளை, டெக்ஸாஸ்ல இருந்து வந்த பிள்ளை, பீடி கொடுக்க நிக்கு.

என்னம்மா இதுங்கேன். இசக்கிக்கா ஆஸ்பத்திரியில இருக்காங்க மாமா, கால் புண்ணு மோசமா இருக்கு, டாக்டர் வந்து பார்க்குற வரைக்கும் அங்க இருக்கணும், அவங்களுக்காக நான் கொண்டு வந்திருக்கேன், எல்லாம் சரியா இருக்கு, பாருங்கங்கா.

இப்ப நீங்க சொல்லுங்க, நான் என்ன செய்ய? அத்தனை பேரும் என் மூஞ்சியவே பார்க்காங்க. என் வீட்டுப் பிள்ளைங்கிறதுக்காக வாங்கிட்டேன்னு வச்சுக்கிடுங்க, நாளைக்கு ஒவ்வொருத்தியும் பக்கத்து வீட்டுக்காரி கையில கொடுத்தனுப்புவா. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். எனக்கு வேண்டியவ, வேண்டாதவன்னு கிடையாது. அதனால சொன்னேன், அட்டைக்காரி நேர்ல வந்தாத்தான் வாங்குவேன். சொந்த மருமககிட்டயே சொன்னேன் சார். அன்னைக்கி ஊரே பார்த்துச்சு, குற்றாலிங்கம் எவ்வளவு நேர்மையான ஆளுன்னு.

அவ தட்டை இறக்கி வச்சா, ஆஸ்பத்திரிக்கு ஓடுனா. கொஞ்ச நேரத்துல இசக்கி வந்துட்டா. காலைத் தரையில ஊணாம, கெந்திக் கெந்தி, செவுரைப் பிடிச்சுக்கிட்டு வந்தா. பத்து மணிக்குள்ள வந்துட்டா, பார்த்துக்கிடுங்க. பீடியை வாங்கி இலை கொடுத்து அனுப்பிட்டோம். குறையே சொல்ல முடியாத பீடி. ஆனா அவ திரும்பிப் போறதுக்குள்ள டாக்டர் பார்த்துட்டுப் போயிட்டாராம். அடுத்த வாரம் வான்னு நர்ஸ் சொல்லியிருக்கு. சிவகாமி அன்னைக்கே ஒரு காரைப் பிடிச்சுப் பிரைவேட் ஆஸ்பத்திரியில காட்டுவோம்னு கேட்டிருக்கா. இசக்கிதான், வேண்டாம் தாயீ, வாங்கிட்டு வந்த இலை காஞ்சு போயிரும், சுத்தணும்னு சொல்லிட்டாளாம். அது அவ முடிவு. அதுக்கு நான் பொறுப்பாக முடியுமா?

அடுத்த வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்து, கால் கறுத்துப் போச்சு. திருநெல்வேலிக்குக் கொண்டு போனாங்க. பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துட்டாங்க.

பாவம்தான் சார். நான் இல்லங்கல. கேட்டவுடனே எனக்கும் மனசு ஒரு மாதிரி ஆயிட்டு. ஆனா ஒரு நல்லதும் இருக்கு பாருங்க, பீடி சுத்துறதுக்குக் கை போதும். காலுக்கு அதுல வேலையே கிடையாது. இதை நான் சிவகாமிகிட்டச் சொன்னேன், ஆறுதலாத்தான் சொன்னேன். அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே! நான் என்னமோ கொலைகாரன் மாதிரி.

ஆஸ்பத்திரிக்கும் நான் போனேன். போகாம இருப்பேனா? ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கிட்டு, டேவிட்டையும் கூட்டிக்கிட்டுப் போனேன். சிவகாமி அங்கதான் இருந்தா. ராப்பகலா இசக்கிக்குக் கூட இருந்து, வாயைத் துடைச்சு, கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போயி, எல்லாம் அவதான். நான் நினைச்சேன், ஆஹா, இதல்லவா சேவை, இதை ஒரு படம் எடுத்துட்டா மத்ததெல்லாம் தூசின்னு. டேவிட்டுக்குக் கண்ணைக் காட்டுனேன். அவன் கேமராவைத் தூக்குனதும் இவ எழுந்து வந்து, லென்சுல உள்ளங்கையை வச்சு மூடிட்டா. டேவிட் அண்ணே, வெளிய போங்கன்னா. சத்தம் போடல. ஆனா டேவிட் போயிட்டான். அவனுக்கு நான் காசு கொடுக்கேன், அவ சொன்னா போறான்.

இசக்கி என்ன செஞ்சா தெரியுமா? என்னைப் பார்த்ததும் படுக்கையில இருந்து எழும்பப் பார்க்கா. கையெடுத்துக் கும்பிட்டு, முதலாளி, மன்னிச்சுக்கிடுங்க, இந்த வாரம் கடைக்கு வர முடியாமப் போச்சு, அட்டையை மட்டும் எடுத்துறாதீங்கங்கா. பார்த்தீங்களா? விரலைக் கொடுத்தவளுக்கே எம்மேல ஒரு குறையும் இல்ல. இந்தப் பிள்ளைக்கு மட்டும் என்ன குறை? இதை நான் சிவகாமிகிட்டயே கேட்டேன். இசக்கியே ஒண்ணும் சொல்லலையேம்மா, நீ ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கன்னு. அவ அழுதுட்டா சார். அதுக்குத்தான் மாமா அழுவுதேங்கா. எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.

ஊருக்குக் கிளம்பும்போது அத்தையைக் கட்டிப் பிடிச்சு முத்தம் கொடுத்தா. எனக்கு, வாரேன் மாமா. அவ்வளவுதான். சங்கத்துல இருந்து பாராட்டுப் பத்திரம், தங்கக் கலர் சட்டம் போட்டு வச்சிருந்தேன். மேசையிலயே கிடக்கு. பிளேன் ஏறிப் போயிட்டா. வீட்டுக்கு வந்து அவ படுத்திருந்த ரூமுக்குள்ள போய் உக்காந்தேன். ஏன் சொல்லணும், அழுதேன் சார். வலிக்கத்தானே செய்யும். யாருக்காக இவ்வளவும் பண்ணேன்?

அதுக்கப்புறம் போனும் கிடையாது ஒண்ணும் கிடையாது. செண்பகம்தான் பேசுவா. நேத்து சாயங்காலம் திடீர்னு சிவகாமியே போட்டா! அவ படத்தைப் போன்ல பார்த்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மாமா, வெள்ளிக்கிழமை எனக்கு இன்டர்வியூங்கா. பெரிய காலேஜாம். எழுதிப் போட்டதுல கூப்பிட்டிருக்கானாம். நான் சொன்னேன், பார்த்தியா, நம்ம முகாமுக்கு எவ்வளவு மதிப்புன்னு. அவ, முகாமைப் பத்தி எழுதல மாமாங்கா.

பின்ன என்னத்த எழுதுன?

கடையைப் பத்தி எழுதினேன். ஒரு பொம்பளை கால் விரலைக் காப்பாத்திருக்கலாம், ஒரு கதவை ரெண்டு மணி நேரம் கழிச்சுத் திறந்தாப் போதும், அந்தச் சாவி எம்மேல ரொம்பப் பாசமா இருக்குற ஒருத்தர் கையில இருந்தது, என்னால அவரை மாத்த முடியலன்னு எழுதினேன்.

பாசமா இருக்குறவர்னு எழுதியிருக்கா. கேட்டீங்களா? அதை எழுதியிருக்கா. மத்ததை விடுங்க.

அப்புறம் கேக்கா, மாமா, இன்டர்வியூல அப்புறம் அந்தக் கடை என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. இப்ப வியாழக்கிழமை எத்தனை மணிக்குத் திறக்குறீங்க?

நான் சட்டுன்னு சொல்லிட்டேன், பத்துன்னு சொல்லிருமா. அமெரிக்காவுல இருந்து எவன் வந்து பார்க்கப் போறான்? உனக்குச் சீட்டுக் கிடைச்சாச் சரின்னு.   அவ சொல்லுதா, எட்டுன்னா எட்டுன்னுதான் மாமா சொல்லுவேன். நீங்க பத்து மணிக்குத் திறங்க, அப்பப் பத்துன்னு சொல்லுதேன். வச்சுட்டா.

ராத்திரி பூரா தூக்கம் இல்ல சார். இன்னைக்கி புதன். நாளைக்கு வியாழன். நாளான்னைக்கு அவளுக்கு இன்டர்வியூ. எட்டுன்னு சொல்லி, அவன் சரியில்லன்னு சீட்டு இல்லன்னுட்டா? தாய்மாமன் நான் இருந்து, என்னால அவ படிப்புக் கெட்டுதுன்னு ஆயிராதா? என்ன கேக்கீங்க? நாளைக்குப் பத்து மணிக்குத் திறந்துற வேண்டியதுதானேன்னா? நல்லாச் சொன்னீங்க! நீங்களும் அவ கட்சிதானா? ஒரு சின்னப்பிள்ளை பேச்சைக் கேட்டு மணியை மாத்திட்டான்னு ஊரு சிரிக்காதா? அப்பமே மாத்தியிருந்தா இசக்கி விரலு இருந்திருக்கும்லன்னு ஒருத்தன் கேக்க மாட்டானா? இப்ப மாத்துனா அதை நானே ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆயிரும்.

அதுக்குத்தான் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். இருங்க, சங்கரபாண்டிக்கு ஒரு போன் போட்டுருதேன். சிவகாமிக்கு அனுப்ப ஒரு படம் வேணும், எப்படின்னு நீங்களும் கேளுங்க.

ஏலே சங்கரபாண்டி, நான்தான். பஸ்ஸுல வாரேன். கேட்டுக்கோ. நாளைக்குக் காலையில வழக்கம்போல எட்டு மணிக்குக் கடையைத் திற. ஆனா திறக்குறதுக்கு முன்னால, செவுத்துக் கடிகாரத்தைக் கழத்திக் கொண்டாந்து கதவுக்கு மேல மாட்டு. முள்ளைப் பத்துக்குத் திருப்பி வச்சுக்கோ. ஆமால, பத்துக்கு. கதவைத் திறக்குற மாதிரி நீ நில்லு, பொம்பளையாளுகளை வரிசையில நிக்கச் சொல்லு, எல்லாவளையும் சிரிக்கச் சொல்லு. டேவிட் வந்து ஒரு படம் எடுப்பான். எடுத்ததும் கடிகாரத்தைச் சரி பண்ணிட்டு வேலையைப் பாருங்க. அவ்வளவுதான், எதுக்குன்னெல்லாம் கேக்காத.

என்னது?

யாரு வரமாட்டா?

சத்தமாப் பேசுல, மழையில ஒண்ணும் கேக்கல. எல்லாரும்னா? எல்லாருமேவா? யாரு சொன்னா? இசக்கியா? அவளால நடக்கவே முடியாதே. நம்ம பாப்பா போன்ல சொல்லிக் கொடுத்துச்சா? இல்லையா? நீ என்ன சொன்ன? இலை கிடையாதுன்னு சொல்ல வேண்டியதுதானல. சொன்னியா? அதுக்கு? சரி. சரி, வை. வைய்யுல.

ஒண்ணுமில்ல சார். ஒரு நிமிசம்.

நாளைக்கு எட்டு மணிக்கு ஒருத்தியும் வரமாட்டாளாம். சர்க்கரை உள்ளவ, இல்லாதவ, ஒருத்தியும் வரமாட்டாளாம். ஆஸ்பத்திரிக்குப் போறவங்க போயிட்டு வரட்டும், நாம எல்லாரும் சேர்ந்து பத்து மணிக்கு மேல போவோம்னு முடிவு பண்ணியிருக்காளுவ. இசக்கி கம்பை ஊணிக்கிட்டு வீடு வீடாப் போய்ச் சொல்லியிருக்கா. வாயே பேசாத இசக்கி. இலை கொடுக்க மாட்டார் முதலாளின்னு சங்கரபாண்டி சொன்னதுக்கு, கொடுக்காட்டா வச்சுக்கிடட்டும், லாரி காலியாப் போகட்டும்னு சொல்லிட்டாளாம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. மன்னிச்சுக்கிடுங்கன்னு கும்பிட்ட அதே பொம்பளை சார்.

சிவகாமி சொல்லிக் கொடுத்திருப்பாளோன்னு கேட்டேன். இல்லையாம். அவகிட்ட யாரும் பேசவே இல்லையாம். இவங்களாத்தான்.

எட்டு மணிக்குக் கடையைத் திறந்து வச்சுக்கிட்டு நானும் சங்கரபாண்டியும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டா உக்காந்திருக்க முடியும்? வேற வழி கிடையாது. பத்து மணிக்குத்தான் திறக்கணும். திறந்துட்டு சிவகாமிக்குப் போன் போட்டு, அம்மா, மாமா பத்து மணிக்குத் திறந்துட்டேன், தைரியமா இன்டர்வியூல சொல்லுன்னு சொல்லிருதேன். பொய் இல்லையே? சாவி என் கையிலதானே இருக்கு, நான்தானே திறக்கப் போறேன்?

என்ன சார் அப்படிப் பார்க்கீங்க?

எனக்குத் தெரியும். அவ சந்தோசப்படுவா. ரொம்பச் சந்தோசப்படுவா, மாமான்னு பழையபடி கூப்பிடுவா. அப்புறம் ஒரு கேள்வி கேப்பா. எப்படி மாமா மனசு மாறுனீங்கன்னு கேப்பா. அதைக் கேக்காம அந்தப் பிள்ளை போனை வைக்காது. அதுக்கு நான் என்ன சார் சொல்லட்டும்?